செருப்பில் சென்ற நோய்

பங்கு இல்லத்து நாய்க்குட்டி வாந்தியும் குருதிக் கழிச்சலுமாய்த் துவளவே, கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். தடுப்பூசி போடுவதை நாளை நாளையெனத் தள்ளிப்போட்டது நம் குற்றமே. மருத்துவர் நம்மை வாயிலிலேயே தடுத்துத் தனியறைக்கு அனுப்பினார். மற்ற நாய்களையெல்லாம் பார்த்து முடித்த பின்னரே கையுறையும் மேலங்கியும் அணிந்து வந்தார். நமக்குச் சற்று வருத்தந்தான்.

“பார்வோ, சுவாமி. 1978-இல் இனங்காணப்பட்ட நச்சுயிரி. மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும், ஸ்பிரிட்டுக்கும் சாகாது. அசுத்தத்தைக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் 30 பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். இது செருப்பிலும் போகும்.”

திடுக்கிட்டோம். அன்று காலைதான் உபதேசியாரின் நோயுற்ற தாயாருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். வாசலில் கழற்றிய நம் செருப்பை அவ்வீட்டுக் குட்டிகள் நக்கி விளையாடின.

நம் குட்டி பிழைத்தது. அங்கே இரண்டு மாண்டன. காரணத்தை நாமே சென்று சொன்னோம், வாசலுக்கு வெளியே நின்றபடி.