ஆஸ்கருக்கு வீடு தேவை!

ஏ.ஆர்.ரஹ்மான் 2009-ல் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். போன வருஷம் நானும் இரண்டு ஆஸ்கர் வாங்கினேன். அவர் வாங்கியது லாஸ் ஏஞ்சல்ஸில். நான் வாங்கியது கொளத்தூரில். அவர் வாங்கியது அதற்கப்புறம் வளரவில்லை. என்னுடைய பிரச்னையே அங்கேதான்!

கொளத்தூர் தெரியாதவர்களுக்கு: வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரம்தான். கடலுக்கு வெகு தள்ளி இருக்கிற ஊர். ஆனாலும் மீனை நம்பிப் பிழைக்கிறவர்கள் அங்கே ஏராளம். காசிமேட்டில் மீன் செத்த பிறகுதான் விலை பேசுவார்கள். கொளத்தூரில் உயிரோடு இருந்தால்தான் விலை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வாசலெல்லாம் பாலிதீன் பைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் கப்பி, மோலி, ஃபைட்டர். ஒரு பையன் சிலிண்டரிலிருந்து பைக்குள் ஆக்ஸிஜனை 'புஸ்'ஸென்று ஏற்றி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி நீட்டுவான். காலேஜ் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேரம் பேசுவார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பாக்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படி ஓர் அப்பாதான்.

இரண்டு இஞ்ச்தான் இருந்தது. கறுப்பில் ஆரஞ்சுத் தீற்றல்.

"எவ்வளவு பெரிசா வளரும்?" என்று கேட்டேன்.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும். சின்ன தொட்டின்னா சின்னதாவே இருக்கும்!"

சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி வாழ்ந்து பழகிய பி.காம்காரன் நான். மீனும் அப்படித்தான் போலிருக்கு என்று நம்பிவிட்டேன்.

எட்டு மாசத்தில் இரண்டும் ஆளுக்கு ஒரு ஜாண். தொட்டியோ இரண்டடி நீளம், ஓரடி அகலம். முட்டுச் சந்தில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி முன்னே பின்னே போய்த்தான் திரும்பும். திரும்பும்போதெல்லாம் மூக்கு கண்ணாடியில் இடித்து, ஒன்றுக்கு அங்கே வெள்ளையாகத் தழும்பே விழுந்துவிட்டது. என் மகள் தினமும் கேட்பாள்: "அதுக்கு வலிக்காதாப்பா?"

ஒரு ஞாயிறு பொறுப்பான குடும்பத் தலைவனாகத் தொட்டியைச் சுத்தம் செய்தேன். பழைய தண்ணீர் மொத்தமும் அவுட். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பனியன் மாதிரி கசக்கிப் பிழிந்தேன். புதுத் தண்ணீர் பளிங்கு! புதன்கிழமை காலையில் ஒரு ஆஸ்கர் பக்கவாட்டில் மிதந்தது. தழும்பு இல்லாதது. மகள் அழவில்லை. என்னிடம் பேசவில்லை. அது இன்னும் கஷ்டம்.

மறுபடி கொளத்தூர். இந்தத் தடவை மெயின் ரோட்டுக் கடைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் வீட்டுப் பின்புறம் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். கதையைக் கேட்டு, "தண்ணி எப்படி இருந்துச்சு?" என்றார்.

"கண்ணாடி மாதிரி இருந்ததுங்க."

"அமோனியா கண்ணுக்குத் தெரியாது தம்பி."

மீன் செவுள் வழியாகவே அமோனியாவை விட்டுக்கொண்டிருக்குமாம். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாக் கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அதில் விஷம் கம்மி. வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் வெளியே போய்விடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டமெல்லாம் வேலைக்கு வந்து செட்டில் ஆக 4 முதல் 6 வாரம் ஆகும். நான் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைத் துவைத்து, மொத்த ஸ்டாஃபையும் ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்திருக்கிறேன்! ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசணுமாம். வெயில் ஏற ஏற, தண்ணீரில் காரம் ஏற ஏற, அமோனியாவின் விஷமும் ஏறுமாம். சித்திரை மாசம் வேறு.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும்னாங்களே?" என்றேன் பரிதாபமாக.

"சின்ன தொட்டில வளர்ச்சி குன்றும், நெசந்தான். தன் கழிவுலயே கெடந்தா எது வளரும்? அது சின்னதா இருக்கலை தம்பி, கொஞ்சங் கொஞ்சமா சாவுது. ஆஸ்கர் ஓரடி வளர்ற சாதி. பத்து வருஷம் இருக்கும்."

பக்கத்துத் தொட்டியில் விரல் நீள 'ஷார்க்' குஞ்சுகள் துள்ளின. நிஜத்தில் அது சுறா இல்லை, மீகாங் நதிக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 40 கிலோ தாண்டும். அதையும் இரண்டடித் தொட்டிக்குத்தான் வாங்கிப் போகிறார்கள்!

பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். என் தொட்டி 2 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் வீதம் 56 லிட்டர். ஒரு ஆஸ்கருக்கே 4 அடி நீளத் தொட்டியும் 280 லிட்டரும் வேண்டும். பெரியவர் சொன்ன 4க்கு 2க்கு 2 அடித் தொட்டி என்றால் 450 லிட்டர். தண்ணீர் எடை மட்டும் 450 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்ட் தனி. நாங்கள் இருப்பதோ மாடி போர்ஷன்.

ஹவுஸ் ஓனர் கேட்டார்: "மீன் வளர்க்கறீங்களா, மேட்டூர் டேம் கட்டறீங்களா?"

ஆபீஸ் நண்பர் சுலபமாக வழி சொன்னார்: "ஏரியில விட்டுடுய்யா!" அதைப் பெரியவரிடம் சொன்னதும்தான் அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. யாரோ தொட்டி தாங்காமல் விட்ட சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. 2023-ல் காஷ்மீர் தால் ஏரியில் அமெரிக்க முதலைமூஞ்சி மீனே பிடிபட்டது.

"இங்க கொண்டா. பத்தடித் தொட்டி ஒண்ணு இருக்கு" என்றார்.

மூடி போட்ட வாளியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் டிரைவரிடம் "மெதுவா சார், பேஷன்ட் இருக்கு" என்று கெஞ்சினேன். பெரியவர் வாளித் தண்ணீரோடு தன் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அரை மணி கழித்துத்தான் இறக்கினார். காசு வாங்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகளை அழைத்துப் போனேன். மூக்குத் தழும்பை வைத்து அவள்தான் கண்டுபிடித்தாள். அது சுவர் வரைக்கும் வேகமாக வந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே சாவகாசமாக வளைந்து திரும்பிப் போனது.

"அப்பா, இடிக்கலப்பா!" என்றாள்.