தண்ணீர் திருடியது யார்?

உங்கள் வீட்டில் கிணறும் மோட்டாரும் மேல் தொட்டியும் உண்டா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போங்கள். ஒரு பெண்ணின் மேல் நான் வீண்பழி போட்ட கதை இது.

2019-ஆம் வருஷத்துக் கோடை நினைவிருக்கிறதா? சென்னையில் ஏரிகள் வறண்டு, ஒரு லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்தோமே, அந்த வருஷம்! மேற்கு மாம்பலத்தில் எங்கள் கிணற்றில் மட்டும் இரண்டு உறைத் தண்ணீர் மிச்சம் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டியை நிரப்பிவிட்டுப் படுப்பேன். விடிந்து பார்த்தால் பாதித் தொட்டி காலி! கீழே நாங்கள் இரண்டே பேர். மாடிக் குடித்தனத்தில் ஒரு பெண், அவள் கணவன், கைக்குழந்தை. என் சந்தேகம் யார் மேல் போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

"ராத்திரியில் துணி துவைக்கிறாயா, அம்மா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டேன். 'அம்மா' என்றேனே தவிர, அந்தக் குரலில் அம்மாவும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை.

அவள் சண்டைக்கு வரவில்லை. "இன்று ராத்திரி தொட்டியிலிருந்து இறங்குகிற குழாயை நீங்களே மூடிவிடுங்கள், மாமி. காலையில் பார்ப்போம்" என்றாள். மூடினேன். காலையில் அதே பாதித் தொட்டி! சுவரில் ஈரமில்லை, தொட்டியில் விரிசலில்லை. போதாக்குறைக்கு மோட்டார் வெறுமனே உறுமிற்று, தண்ணீர் ஏறவில்லை. "மோட்டாரையே மாற்றிவிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்!

வந்த பிளம்பர் வயதானவர். மோட்டாரின் பக்கமே போகவில்லை. பம்பின் மேல் மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். வாய் வரை நின்ற தண்ணீர் கண்ணெதிரே இறங்கிற்று. கிணற்றுக்குள் போகும் குழாயின் இணைப்புகளைப் பார்த்தார், ஒன்றிலும் கசிவில்லை. "புட் வால்வு போச்சும்மா" என்றார்.

குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிற பித்தளைச் சமாசாரம் அது. அடியில் சல்லடை, உள்ளே சின்னக் கதவு. மோட்டார் ஓடினால் கதவு மேல் நோக்கித் திறக்கும். நின்றதும் குழாயிலுள்ள தண்ணீரின் பாரமே அதை அழுத்தி மூடிவிடும். மூடினால்தான் குழாயில் தண்ணீர் நிற்கும். மறுநாள் பம்பு இழுக்கும். குழாயில் காற்று நிறைந்திருந்தால் எங்கள் பம்பு உறுமுவதோடு சரி.

கதவு மூடாவிட்டால்? எங்கள் வீட்டில் மேலே ஏறுகிற குழாயின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் பாதி ஆழம் வரை முழுகியிருந்தது. ராத்திரி முழுவதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, பம்பைத் தாண்டி, கிணற்றுக்கே திரும்பிப் போயிருக்கிறது! நுனி வெளியே தெரிந்து காற்று புகுந்த பிறகுதான் நின்றிருக்கிறது.

குழாயைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். (இதற்காகக் கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள், விஷவாயு இருந்தால் உயிருக்கே ஆபத்து.) வால்வைக் கழற்றினால், சல்லடையில் ஒரு கிழிசல். கதவிடுக்கில் ஒரு கொத்துத் தேங்காய் நார். கரண்ட் போனால் நான் தண்ணீர் சேந்துகிற வாளிக் கயிற்றின் நார்!

ரப்பர் வாஷரும் தேய்ந்திருந்தது. வாஷரையும் சல்லடையையும் மாற்றி, வால்வின் மேல்வாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று கண்ட பிறகே மாட்டினார். சேற்றை இழுக்காமல் இருக்கத் தரைக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டார். தொட்டியில் குழாயின் நுனியை அறுத்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிறுத்தினார். அரை நாள் வேலை.

சாயங்காலம் ஒரு டப்பா ரவா லாடுவோடு மாடி ஏறினேன். "தப்பாகப் பேசிவிட்டேன், அம்மா" என்றேன்.

"பரவாயில்லை, மாமி" என்றாள், குழந்தையைத் தட்டிக்கொண்டே. ஆனால் கோடம்பாக்கத்தில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டுமாம்.

புறப்பட்ட அன்று வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். இரண்டு படி இறங்கியவள், திரும்பிப் பார்த்து, "வாளிக்கு நைலான் கயிறு வாங்கிவிடுங்கள், மாமி" என்றாள்.

வாங்கிவிட்டேன்.