திராட்சை நோய் தென்னைக்கு வராது, ஆனால்...

சுருளிப்பட்டியில் இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். போன கவாத்து சமயம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'பி.எம்.கிசான்' என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே' என்று இருந்தது. எனக்கு 2,000 ரூபாய் தவணை வராமல் நின்றிருந்த நேரம். அனுப்பியவரோ பக்கத்துத் தோட்டத்துக்காரர். 'இது தெரியாத செயலி' என்று போன் எச்சரித்தும், கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்தேன். ஆதார் எண், ஏ.டி.எம் அட்டை எண் கேட்டது, அதையும் போட்டேன்.

மறுநாள் காலையில், மருந்துக்கும் ஆள் கூலிக்கும் வைத்திருந்த 38,000 ரூபாய் கணக்கில் இல்லை. குறுஞ்செய்தியைப் படிக்க நான் கொடுத்த அனுமதி வழியாகவே ஓ.டி.பி போயிருக்கிறது. அதைவிடக் கொடுமை, என் எண்ணிலிருந்தே அந்த ஃபைல் சொந்தக்காரர், வியாபாரி எல்லோருக்கும் போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனுக்கும் இதே கதைதான். ஒவ்வொருவராக அழைத்து, 'திறக்காதீங்க' என்று சொல்லி முடிக்க இரவாகிவிட்டது. அதற்குள் ஒருவர் திறந்துவிட்டார். அவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்த என் மருமகனிடம், "ஐபோன் வாங்கிட்டா இது வராதா?" என்று கேட்டேன்.

"அடிச்சாம்பல் நோய் திராட்சைக்கு வரும், வரப்புத் தென்னைக்கு வராதுல்ல மாமா? அப்படித்தான்" என்றான். ஏ.பி.கே ஃபைல் ஆண்ட்ராய்டு போனுக்கானது, ஐபோனில் ஏறாது. 'ஈ.எக்ஸ்.ஈ' என்று முடிவது விண்டோஸுக்கு. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட 'வான்னாக்ரை' வைரஸ், விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத்தான் பிடித்தது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். லினக்ஸுக்கு வைரஸ் குறைவு; அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

"ஆனா மாமா, களவாணிக்குத் திராட்சையும் ஒண்ணு, தேங்காயும் ஒண்ணு. போலிப் பக்கத்துல நீங்களே அட்டை நம்பரைப் போட்டா, எந்த போனும் காப்பாத்தாது."

உடனே 1930 எண்ணில் புகார் சொன்னேன். கொஞ்சம் பணத்தை முடக்கிவைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இன்னும் கைக்கு வரவில்லை. பணம் போனது தெரிந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிக்கிறோம் அல்லவா? போனுக்கும் முன்காப்பு அதுபோலத்தான். செயலியை ப்ளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தவர் அனுப்பிய ஃபைல் என்றாலும், 'நீங்கதான் அனுப்பினீங்களா?' என்று ஒரு வார்த்தை போனில் கேட்டுவிட்டுத் திறங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை.