பாட்டியின் இதயம்

எங்கள் பாட்டிக்குக் கால்கள் வீங்கின. தாம்பரம் ரயில் நிலையப் படிகளில் நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிற்று. வயதானால் வருவதுதானே என்றார்கள் அண்டை வீட்டார். முதுகுவலிக்குத் தைலம் இருக்கவே இருந்தது. பரிசோதனைகளுக்குப் பின், கிண்டி வரை மின்ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சகோதரிகள் நாங்கள் இருவரும் மாறிமாறித் துணை போனோம். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் உருவான இடம் அது.

நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன. அதற்கு மூச்சு ஏன் வாங்க வேண்டும்? இதுதான் எங்களுக்குப் புரியவில்லை. அவ்வணுக்கள் உண்டாக்கும் பழுதான புரதம், சிலருக்கு அமிலாய்டு என்ற படிவமாக இதயத் தசையில் தங்கிவிடுகிறது. இதயம் விறைத்து, இரத்தத்தை ஏற்க இடங்கொடாமல் போகிறது. விந்தை என்னவென்றால், எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது; ஈ.சி.ஜி.யிலோ அலைகள் சிறுத்திருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. போதாதற்கு இரத்தசோகை வேறு. புற்றுநோய் மருந்துகளிலும் சில இதயத்தைத் தாக்குமாம். ஆகவே பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். புரதம் குறைந்த பின்னும் இதயம் தேறப் பல மாதங்கள் பிடிக்கும்.

பாட்டிக்கு உப்பைக் குறைத்ததில்தான் கோபம். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. தினமும் காலையில் அவர் எடையை நாள்காட்டியில் குறிக்கிறோம். உடம்பில் நீர் கோத்தால் எடைதான் முதலில் சொல்லும்.