மருமகனே என்று கூப்பிட ஆளில்லை

ஒரு மாமா இறந்தால் அவரோடு ஒரு மருமகனும் போய்விடுகிறான். அம்மாவுடன் பிறந்த மாமாக்களில் கடைசியாக இருந்தவரும் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. மாமா என்ற சொல்லை நான் இன்னும் சொல்லலாம். கல்யாண வீடுகளில் தூரத்து உறவுக்காரர் யாரையாவது பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "மருமவனே" என்பது நானாகச் சொல்லிக்கொள்ள முடியாத பெயர், இன்னொருவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். என் மனைவியின் அப்பா என்னை "மாப்பிள்ளை" என்று அழைப்பார். அதில் மரியாதை கூடுதல், உரிமை குறைவு. நான் பிறந்த அன்றே எனக்குக் கிடைத்துவிட்ட அந்த இன்னொரு பெயருக்கு அது ஈடாகாது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பையனிடம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாரு மவன்ல நீ?" அப்பா பெயரைச் சொன்னால் போதாது. தாத்தா பெயர், ஆச்சி பிறந்த ஊர், அம்மாவைக் கட்டிக்கொடுத்த வகை என்று கேள்வி நீளும். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள்: "அப்ப நீ எனக்குப் பேரன் முறைல்லா வேணும்." அந்த நிமிடத்திலிருந்து அவர் என்னை அதட்டலாம், கடையில் முறுக்கு வாங்கித் தரலாம், பீடியோடு பார்த்தால் வீட்டில் போய்ச் சொல்லலாம். என்னைவிட மூன்று வகுப்பு கீழே படித்த ஒருவன் எனக்குச் சித்தப்பா முறை. விளையாட்டில் அவனை அடித்ததற்கு, "சித்தப்பாவைக் கைநீட்டுவியால?" என்று ஆச்சியிடம் நான் அடி வாங்கினேன். சித்தப்பாவுக்கு அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எங்கள் சீமையில் இன்னொரு வழியும் உண்டு. பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் தங்கள் குடும்பத் தெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவார்கள். பல சாஸ்தாக்கள் ஊரைவிட்டு ஒதுங்கி, காட்டுக்குள்ளோ குளக்கரையிலோ இருப்பார்கள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் சொக்காரர்கள். வெளியூரில் பங்காளி என்பதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். சொக்காரன் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. அவன் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அந்த ஒரு நாள் பொங்கல் பானைகளுக்கு நடுவே நடந்துபோனால் அப்பா முறை, அண்ணன் முறைக்காரர்களாகவே தென்படுவார்கள். மாமாவை அங்கே பார்க்க முடியாது. அவருக்கு வேறு சாஸ்தா, வேறு காடு. வருஷத்தின் மற்ற நாட்களுக்கு அவர்தான் வேண்டும்.

என் பெரிய மாமா அம்பாசமுத்திரத்தில் தையற்கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு ஒரே துணியை முழுச் சுருளாக எடுத்து மருமக்கள் எல்லோருக்கும் சட்டை தைத்து அனுப்புவார். தெருவில் அந்தக் கட்டம் போட்ட சட்டையைக் கண்டால் அது டெய்லர் தங்கச்சி பிள்ளை என்று யாரும் சொல்லிவிடலாம். அளவெடுக்கிற சாக்கில் விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவார். "என்ன மருமவனே, எம் பொண்ணைக் கட்டுததுக்கு இந்த நெஞ்சு காணாதே" என்பார். அவர் பெண் அப்போது பாவாடை கட்டிக்கொண்டு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவிடமோ பெரியப்பாவிடமோ இப்படி ஒரு பேச்சை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பெரியப்பா வந்தால் திண்ணையிலிருந்து எழுந்துகொள்ள வேண்டும். மாமா வந்தால் அவர் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம்.

அப்பா கோபக்காரர். அவர் கை ஓங்கினால் பெரியப்பாகூடத் தடுக்க மாட்டார், "அவம் பிள்ளை, அவன் அடிக்கான்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். மாமா ஒருவர்தான் வந்து "என்ன அத்தான், பிள்ளையைப் போட்டு இப்படி அடிக்கியோ?" என்று கேட்க முடியும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வாரே தவிர எதிர்த்துப் பேச மாட்டார். பெண் கொடுத்த வீட்டின் குரல் அது. என் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா கையை விரித்தபோது மாமா தையல் இயந்திரத்தை அடகு வைத்தாரா, கடன் வாங்கினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பணம் வந்தது. அதற்கு நன்றி சொல்லும் வழக்கமும் எங்களிடம் கிடையாது. மருமகனுக்குச் செய்தார், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து வெளிநாட்டார் மலைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரர்களையும் அப்பா என்றே அழைப்பதைக் கவனித்து, உலகின் பல மூலைகளுக்கும் உறவுப் பெயர்களைக் கேட்டுப் பட்டியல் அனுப்பினார். இங்கிருந்த மிஷனரிகள் தமிழ்ப் பெயர்களை நிரப்பி அனுப்பினார்கள். 1871-இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட அவருடைய பெரும் புத்தகத்தில் நம் பெரியப்பாவும் சித்தப்பாவும் செனகா அப்பாக்களோடு சேர்த்து ஒப்பிடப்பட்டார்கள். அந்த ஒற்றுமையை வைத்து அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிறுவப் பார்த்தார். உறவுப் பெயரை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது என்று பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் பிரெஞ்சுக்காரரான லூயி துய்மோன். 1949-50-இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். மாமாவை அம்மாவின் சகோதரர் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும், அவர் அப்பாவின் மைத்துனர், அங்கிருந்து பாருங்கள் என்று 1953-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாதிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. தொல்காப்பியரோ கூப்பிடுவதற்கென்றே ஓர் இயல் வைத்தவர். விளிமரபில், னகரத்தில் முடியும் முறைப்பெயர்கள் ஏகாரம் பெற்று விளிக்கப்படும் என்று விதி செய்கிறார். அம்பாசமுத்திரம் டெய்லருக்கு இலக்கணம் தெரியாது; "மருமவனே" என்றழைத்தவர் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

ஏங்குகிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் வெள்ளையடிக்க மாட்டேன். அந்த முறை எங்கள் தெருவோடு நின்றது. அறுப்புக்கு வந்த கிழவரைத் தெருப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எங்களை "ஐயா" என்றார். அவருக்கு நாங்கள் பேரன் வயது. ஊரெல்லாம் மாமன் மச்சானாகப் பழகினோம் என்று கல்யாண மேடைகளில் யாராவது பேசினால், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெண்கள் விஷயம் அதைவிடக் கசப்பு. என் பெரியம்மை மகளை அவள் தாய்மாமாவுக்கே கட்டிவைத்தார்கள், நான் சொன்ன டெய்லரின் தம்பிக்கு. பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண். யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாளோ அவர் பக்கத்திலேயே மணவறையில் உட்கார்ந்தாள். சட்டம் தடுக்கவில்லை, 1955-இன் இந்து திருமணச் சட்டம் இத்தகைய உறவைத் தடைசெய்தாலும், வழக்கத்தில் உள்ளவர்களுக்கு விலக்குத் தருகிறது. அவளுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் ஒதுங்கிப்போவது சரியான காரியம். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற உரிமைக் கொண்டாட்டம் ஒழியட்டும். மாமா ஒழிய வேண்டாம்.

ஆனால் மாமாதான் ஒழிந்துகொண்டிருக்கிறார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவளின் பிள்ளைக்குத் தாய்மாமா கிடையாது. ஒற்றைப் பையனின் பிள்ளைக்கு அத்தையும் இல்லை, பெரியப்பா, சித்தப்பாவும் இல்லை. நான் குடியிருக்கும் சென்னை அடுக்ககத்தில் லிஃப்டில் வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் நான் அங்கிள். அதட்டவும் முடியாது, முறுக்கு வாங்கித் தரவும் முடியாது. தந்தால் தாய்மார் பயப்படுகிறார்கள், அதுவும் நியாயம்தான். கடைசி மாமா இறந்தபோது அலுவலகத்தில் துக்க விடுப்புக் கேட்டேன். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று அச்சடித்த பட்டியலைக் காட்டினார்கள். மாமாவுக்குத் தற்செயல் விடுப்புதான் கிடைத்தது.

என் மகளும் ஒற்றைப் பெண்தான். பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தபோது, "எனக்குத்தான் பிரதர் இல்லையேப்பா, யார் மடியில உக்கார வைக்கிறது?" என்றாள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மதினிதான் சிரித்தாள். "ஏன், உங்க பெரியப்பா மவன் பெங்களூருல இருக்காம்லா? அவன் உனக்கு அண்ணன்தான? அப்ப பிள்ளைக்கு அவன்தான் தாய்மாமன்." மகள் அவனை "கசின்" என்றே சொல்லிப் பழகியவள். பெரியப்பா மகனும் கசின், அத்தை மகனும் கசின், ஒருவன் அண்ணன், மற்றவன் மச்சான் என்ற பேதம் அந்தச் சொல்லில் கரைந்துவிட்டது. உடன்பிறந்தவன் இல்லாத வீட்டுக்கும் ஒரு மாமாவை எடுத்துக் கொடுக்கிற கணக்கு அந்தப் பேதத்தில்தான் இருக்கிறது. பையன் இரவு பஸ் பிடித்து வந்தான். சம்மணம் போடத் தெரியாமல் ஒருமாதிரி உட்கார்ந்து, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தைக்கு முன்னால் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மாமா சீர் என்ன செய்ய வேண்டும் என்று செல்போனில் தேடிப் பார்த்து வந்திருந்தான். தங்க வளையமும் சட்டையும் கொண்டுவந்தான். சட்டை இரண்டு அளவு பெரிது.

அந்த மதினிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. அவள் மனதில் இருக்கும் முறைக் கணக்கு எங்கள் யாரிடமும் இல்லை. இப்போது நான் அவளிடம் போனில் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதை எத்தனையோ பேர் மரம் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் எழுதுவது யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆச்சியோ அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளையின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் பெரியப்பா மகனை அண்ணன் என்றும் அத்தை மகனை மச்சான் என்றும் தமிழிலேயே குறித்து வையுங்கள்.