கோடு தேய்ந்து முடியுமுன்

சென்ற கோடையில் என் தங்கை வீட்டில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. கல்லூரியில் பயிலும் அவள் மகன் இரவு நெடுநேரம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டில் மூழ்கியிருப்பான். "நீங்கள் சொன்னாலாவது கேட்பான், அண்ணா" என்று தங்கை முறையிட்டாள். கண்டிக்கச் சென்ற நானே நள்ளிரவுவரை அவனருகில் அமர்ந்துவிட்டேன் என்பதை வாசக அன்பர்களிடம் மறைப்பதற்கில்லை.

அவன் ஆடிக்கொண்டிருந்தது பேட்மேன் கதை. 1939ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடொன்றில் பிறந்த வீரன் இவன். பகலில் புரூஸ் வேய்ன் என்னும் செல்வந்தன், இரவில் வௌவால் முகமூடி அணிந்து காதம் நகரத்துக் குற்றவாளிகளை ஒடுக்குபவன். கலிபோர்னியாவில் இயங்கிய டெல்டேல் என்ற நிறுவனம் இவனைக் கொண்டு 2016இல் ஒரு தொடரையும், 2017 ஆகஸ்டு முதல் 2018 மார்ச்சு வரை 'தி எனிமி வித்தின்' என்ற இரண்டாம் தொடரையும் ஐந்தைந்து பகுதிகளாக வெளியிட்டது. அதே 2018 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் ஊழியரில் பெரும்பாலோரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியதாம். அது வேறு கதை.

வீரசாகச விளையாட்டென்றால் அடிதடி மட்டுமே என்று எண்ணியிருந்தேன். இதிலும் அடிதடி உண்டு. சிறுவர்க்கு ஏற்றதன்று என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் இதன் உயிர்நாடி உரையாடலே. எதிரே நிற்பவர் ஏதேனும் கேட்கிறார். நான்கு மறுமொழிகள் திரையில் தோன்றுகின்றன. கீழே ஒரு கோடு விரைந்து தேய்கிறது. அது தேய்ந்து முடியுமுன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்த நான்கில் வாய்மூடி இருப்பதும் பல வேளைகளில் ஒன்று. தேர்ந்த பின்னர், இன்னார் இதை நினைவில் வைத்துக்கொள்வார் என்று ஓர் அறிவிப்பு வரும். எந்தப் பேரொலியும் இல்லாமல் வரும் அவ்வொரு வரி என்னைச் சற்றே திடுக்கிடச் செய்தது.

இரண்டாம் தொடரின் மையம் பேட்மேன் அல்லன். ஜான் டோ என்பவன். பச்சைத் தலைமயிர், வெளிறிய முகம், ஓயாத சிரிப்பு. ஆர்க்காம் மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளிவந்து, அங்கே தனக்கு அறிமுகமான புரூஸையே உற்ற நண்பனாக எண்ணிக்கொள்கிறான். புரூஸோ ஒரு குற்றக் கும்பலுக்குள் நுழைவதற்கு அவன் நட்பைப் படியாக்கிக்கொள்கிறான். சித்திரக்கதையை அறிந்தோர்க்கு இந்த ஜான் யாரென்று தெரியும்: 1940 முதல் பேட்மேனின் தீராப் பகைவனாகிய ஜோக்கர். அவன் தீயவனாவது பழைய கதை. இங்கே அந்த முடிவு எழுதப்படாமல் இருக்கிறது. புரூஸ் அவனிடம் உண்மையாக நடந்துகொண்டால், அவன் பேட்மேனைப் போலவே தானும் நீதி காப்பவனாகப் புறப்படுகிறான். நம்பிக்கை முறிந்தால் கொடியவனாகிறான். ஐந்தாம் பகுதியே இதனால் இரு வேறு கதைகளாகப் பிரிந்துவிடுகிறது.

இதில் எனக்கொரு குறையும் உண்டு. நல்வழியில் சென்ற ஜானும் நீதியின் பெயரால் வரம்பு மீறுகிறான். கடைசியில் பேட்மேனோடு மோதத்தான் செய்கிறான். நம் தேர்வுகளால் என்ன பயன் என்று மருமகனைக் கேட்டேன். "முடிவை விடுங்கள் மாமா. அவன் உங்களை என்னவாக நினைத்திருந்தான் என்பது மாறுகிறதல்லவா?" என்றான். குருமடத்தில் படித்த அறநெறி நூல்களை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு அவன் செலுத்துகருவியை என் கையில் கொடுத்தான். காபிக் கடையொன்றில் ஜானும் புரூஸும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். ஹார்லி என்ற பெண்ணின்மேல் ஜானுக்கு அன்பு. அவளோ கும்பலுக்குத் தலைவி. என்ன செய்வதென்று நண்பனிடம் யோசனை கேட்கிறான். ஆங்கில வரிகளை மூக்குக்கண்ணாடி வழியே ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொண்டிருந்தேன். கோடு தேய்ந்து மறைந்தது. ஜானின் சிரிப்பு ஒரு கணம் அணைந்தது.

"நான் இன்னும் பதில் சொல்லவில்லையே" என்றேன்.

"சொல்லிவிட்டீர்கள் மாமா" என்றான் பையன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஊரில், திருவிழா முடிந்த வாரம், ஒரு மாலையில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளைஞன் ஒருவன் வராந்தாவில் வந்து நின்றான். "சாமி, ஒன்று கேட்கலாமா?" என்றான். பந்தல்காரருக்குக் கொடுத்த தொகை ஏட்டோடு ஒத்துவரவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, இரு என்பதுபோல் இடக்கையை உயர்த்தினேன். கூட்டல் சரியாகி நான் தலைநிமிர்ந்தபோது, "ஒன்றுமில்லை சாமி, பிறகு வருகிறேன்" என்று படியிறங்கிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. நான்காம் நாள் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக ஊரார் சொன்னார்கள். இன்றுவரை செய்தி இல்லை.

மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டுமானால் இந்தப் பகுதியை முதலிலிருந்து ஆடலாம் மாமா. ஜானுக்கு ஒன்றும் நினைவிருக்காது" என்றான். கருவியை அவனிடமே கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அவ்வூர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் என்னை அழைக்கிறார்கள். பூசை முடிந்ததும் அந்த இளைஞனின் தாய் கோவில் வாசலில் காத்து நிற்பாள். கேட்பது ஒன்றே: "அன்று சாயங்காலம் உங்களிடம் வந்தானாமே, ஏதாவது சொன்னானா சாமி?"

இந்த ஆண்டுத் திருவிழா அடுத்த மாதம் வருகிறது.