நேரலையா, நெஃப்டா?

செல்போன் ஆப்பில் வானொலி கேட்கும்போது மேலே 'நேரலை' என்று போட்டிருக்கும். பக்கத்தில் சிவப்புப் புள்ளி வேறு. அப்படியே நம்பிவிடாதீர்கள் மக்களே. நேரலை என்பது ஊரில் என் அப்பாவின் டிரான்சிஸ்டரில் வருவது. போபாலில் என் போனில் வருவது அரை நிமிஷம் ஆறிப்போனது :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கள் ஊர் வத்தலக்குண்டு. நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. அங்கிருந்து 100.5-ல் வரும் கோடை பண்பலைதான் வீட்டில் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கும். பி.காம். முடித்து பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், பாட்டின் முன்னிசையை வைத்தே என்ன பாட்டு, யார் இசை என்று அப்பாவும் நானும் போட்டி போடுவோம். தோற்றவர் காபி டம்ளர் கழுவ வேண்டும். (பெரும்பாலும் நான்தான்.)

பேங்க் வேலை கிடைத்தது, மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். அம்மா போனபிறகு அப்பா ஊரில் தனி. "இங்கே வந்துடுங்கப்பா" என்றால், "பாஷை தெரியாத ஊர்ல நான் யாருகிட்டடா பேசுறது?" என்பார். பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் ஆகாசவாணியின் இருநூறுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள் கிடைக்கின்றன. கோடையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குப் போன் போட்டு, இன்னொரு போனில் ஆப்பைத் திறந்து, பழைய போட்டியை மறுபடி ஆரம்பித்தோம்.

அங்கேதான் சிக்கல். என் பக்கம் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லி முடித்திருப்பார். வாட்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் 35 விநாடி, இன்னொரு நாள் 50.

யாரையும் குறை சொல்லவில்லை. நேரலை ஓடும் ஆப் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். காரணத்தைத் தேடிப் படித்தால், நமக்குத் தெரிந்த ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வித்தியாசம்தான்! ஆர்டிஜிஎஸ்-ல் பணம் ஒவ்வொன்றாக உடனுக்குடன் போகும். நெஃப்டில் அரை மணிக்கு ஒரு பேட்ச், நாளைக்கு 48. வானொலி அலை முதல் ரகம். மலையில் கிளம்பியது கண் இமைப்பதற்குள் வத்தலக்குண்டில். இணையத்திலோ ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் அடுக்குகிறார்கள். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் என்ற முறை. துண்டு 6 விநாடி இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. கடைசியிலிருந்து மூன்று துண்டாவது பின்தங்கித் தொடங்கு என்பது விதி. அங்கேயே 18 விநாடி போச்சு. வெட்டுவது, அனுப்புவது எல்லாம் அதற்கு மேல். நடுவில் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காமலிருக்கத்தான் இந்தக் கையிருப்பு. தாமதம் குறைந்த முறையும் 2019-ல் வந்தது. ஆனால் கையிருப்பு குறையக் குறைய, பாட்டு திக்கும் வாய்ப்பு கூடும். வங்கிக்காரனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

"ஆப்பே வேண்டாம்ப்பா, ரேடியோகிட்ட போனை வைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். தாமதம் தீர்ந்தது, பாட்டுதான் செத்துப்போனது. போன் பேச்சுக்கென்று செய்தது. வயலினை எல்லாம் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. திரும்ப ஆப்புக்கே வந்தோம்.

கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். அப்பா இப்போதெல்லாம் உடனே சொல்வதில்லை. ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டு சும்மா இருக்கிறார். அவர் பக்கம் பாட்டு பல்லவியைத் தாண்டியிருக்கும். எழுபத்தாறு வயதில், விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, "என்னடா, உனக்கு வந்துருச்சா?" என்று கேட்கிறார். "வந்துருச்சுப்பா" என்றதும் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்கிறோம். இப்போது தோற்பது யாருமில்லை. அவரவர் டம்ளரை அவரவர் கழுவிக்கொள்கிறோம்.

டிஸ்கி: ஆப்பில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கவும். விக்கெட் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து முன்கூட்டியே வந்துவிடும்.